அடி எண்ணி நடந்த பாதை

எருசலேம் பழைய நகரத்தின் கிழக்கு மதிலில் சிங்க வாசல் இருக்கிறது. அதற்குள் நுழைந்து மேற்கு நோக்கிப் போகும் கல் பாவிய தெருவில், வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகலில் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள், இயேசு சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு நிலைகளில் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதையைச் செய்கிறார்கள். குளிர்காலத்தில் 3 மணிக்கு, கோடையில் 4 மணிக்கு. தவக்காலம் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஆனால் தவக்காலத்து வெள்ளிகளில் அந்தக் குறுகிய தெரு தாங்காது. போலந்துக்காரர்கள், பிலிப்பினோக்கள், நைஜீரியர்கள், இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வந்திருக்கும் கேரளத்துப் பெண்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில் திரள்வார்கள். அந்தத் திரளில் தமிழ்நாட்டிலிருந்து போன எங்கள் குழுவும் இருந்தது.

அது 2023ஆம் ஆண்டின் தவக்காலம். அந்த அக்டோபரில் மூண்ட போர் அப்போது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. யாத்திரிகர்கள் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு தவக்காலத்தின் கடைசி வாரங்களும் ரமலான் நோன்பும் ஒன்றாக வந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அல்-அக்ஸா பள்ளிவாசலில் வெள்ளித் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பும் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. முக்குகளில் இரும்புத் தடுப்புகள், துப்பாக்கியோடு காவலர்கள். தலைக்கு மேலே சந்துக்குச் சந்து ரமலான் விளக்குத் தோரணங்கள். ஒரு கடைக்காரர் கத்தாயெஃப் என்னும் நோன்பு காலத்து இனிப்புக்கான மாவைத் தட்டையான கல்லில் வட்ட வட்டமாக ஊற்றிச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் அன்று பொழுது சாயும்வரை வாயில் எதுவும் வைக்கப்போவதில்லை. எங்களிலும் பலர் ஒருசந்தி. அந்த மணத்தைத் தாண்டிப் போவது இரு தரப்புக்கும் ஒரே பாடுதான்.

எங்கள் குழுவில் இராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் உபதேசியார் இருந்தார். சாமியார் மாதம் இரண்டொரு முறை வந்துபோகும் கிளைக்கோயில் அவருடையது. மற்ற நாள்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவது, இறந்தவர் வீட்டில் முதலில் போய் நிற்பது எல்லாம் அவர்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையும் அவர் பொறுப்பு. பூசை வைக்கக் குரு வேண்டும். சிலுவைப்பாதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தப் பக்தி முயற்சி பட்டிதொட்டியெல்லாம் பரவி வேரூன்றியதற்கு அது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நிலை ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் இருக்கிறது. பிலாத்து இயேசுவைத் தீர்ப்பிட்டதாக நம்பப்படும் அந்தோனியா கோட்டை நின்ற மேட்டில் இன்று அல்-உமரியா என்ற முஸ்லிம் பள்ளி நடக்கிறது. அதற்கு முன்பு அது துருக்கியரின் படைவீடு. பிரான்சிஸ்கன் துறவிகள் பழுப்பு அங்கியும் இடுப்புக் கயிறுமாக வந்து நிற்க, அவர்களுக்கு முன்னால் கவாஸ் எனப்படும் காவலர்கள், சிவப்புத் துருக்கித் தொப்பியும் ஒட்டோமான் காலத்து உடையும் அணிந்து, இரும்புப் பூண் போட்ட கோலைத் தரையில் தட்டி வழி விலக்குகிறார்கள். ஒருவர் தோளில் ஒலிபெருக்கி. லத்தீன், இத்தாலியன், ஆங்கிலம் என்று மாறி மாறி ஜெபம். அந்த மொழிகள் எதையும் அறியாத எங்கள் உபதேசியார், எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும், எந்த இடத்தில் எழ வேண்டும் என்று ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. தலைவர் தொடங்க, மக்கள் பதில் சொல்ல, ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், நடக்கும்போது ஒரு பாட்டடி. ஒழுங்கு எல்லா ஊரிலும் ஒன்றே.

தெருவுக்கு எதிர்ப்புறம் இரண்டாம் நிலை: சிலுவை சுமத்தப்பட்ட இடம். அங்கே இயேசு கசையால் அடிபட்டதன் நினைவாக ஒரு கோயிலும், தீர்ப்பிடப்பட்டதன் நினைவாக ஒரு சிற்றாலயமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சற்றுத் தள்ளித் தெருவுக்குக் குறுக்கே ஒரு கல் வளைவு. ‘இதோ மனிதன்’ என்று பிலாத்து கூட்டத்துக்கு இயேசுவைக் காட்டிய இடம் அதுவே என்று நீண்ட காலம் நம்பினார்கள். ஆனால் அது இரண்டாம் நூற்றாண்டில், ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் எழுந்த ரோமானிய வாயிலின் பகுதி. பக்கத்துக் கன்னியர் மடத்தின் அடியில் உள்ள கல்தளமும் அதே காலத்தது என்கிறார்கள் அகழ்வாராய்ச்சியாளர்கள். பிலாத்து விசாரணை நடத்தியது இங்கே அல்ல, நகரத்தின் மேற்குப் பக்கம், இன்றைய யோப்பா வாசலை ஒட்டியிருந்த ஏரோதின் அரண்மனையில் என்பதுதான் இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அது சரியென்றால் இயேசு சிலுவை சுமந்து நடந்தது இந்தத் தெருவில் அல்ல. கல்வாரிக்கு அவர் வந்த திசையே வேறு. அன்றைய தெருவோ இன்றைய தரைமட்டத்துக்குப் பல அடி கீழே புதைந்து கிடக்கிறது.

எங்களோடு வந்த சாமியார் இதை மறைக்காமல் எல்லாருக்கும் சொன்னார். சிலர் முகம் வாடியது. கடன்பட்டும் அரசு மானியத்தோடும் இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது எளிதில் செரிக்கும் செய்தி அல்ல. எனக்கோ அந்த இடத்தில்தான் இந்தப் பாதையின் மேல் மதிப்பு கூடியது. காரணம், இதன் வரலாற்றைத் தோண்டினால் வருவது ரோமானியக் கல்தளம் அல்ல. இங்கே வர முடியாமல் ஏங்கிய மனிதர்கள்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கிலிருந்து வந்த எகேரியா என்ற பெண், புனித வாரத்தில் மக்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கெத்சமனியிலிருந்து பாட்டோடு நகரத்துக்குள் நடந்து வந்ததையும், பாடுகளின் வாசகம் படிக்கப்பட்டபோது அவர்கள் அழுததையும் எழுதி வைத்திருக்கிறார். நடை இருந்தது; பதினான்கு நிலைகள் இல்லை. 1342இல் திருத்தந்தை ஆறாம் கிளமெந்து புனித நாட்டின் திருத்தலங்களைக் காக்கும் பொறுப்பைப் பிரான்சிஸ்கன் சபைக்குக் கொடுத்தார். அவர்கள் யாத்திரிகரை இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று காட்டி அழைத்துப் போனார்கள். 15ஆம் நூற்றாண்டில் வந்த வில்லியம் வே என்ற இங்கிலாந்துக் குரு, அந்த நிற்குமிடங்களை நிலைகள் என்று குறிப்பிடுகிறார். அப்போது நடை தலைகீழ்: கல்வாரியில் தொடங்கிப் பிலாத்து வீட்டில் முடிந்தது.

இன்று நாம் அறிந்த வரிசை பிறந்தது ஐரோப்பாவில். ஊர் திரும்பிய யாத்திரிகர்கள், வர முடியாத தம் மக்களுக்காக எருசலேமைத் தங்கள் ஊரிலேயே கட்டினார்கள். நூரம்பெர்க் நகரத்து மார்ட்டின் கெட்செல் என்பவர் பிலாத்து வீட்டிலிருந்து கல்வாரிவரை அடி எண்ணி அளந்து வந்தாராம். ஊர் வந்து பார்த்தால் அளவு எழுதிய தாள் தொலைந்துவிட்டிருந்ததாம். மறுபடி புறப்பட்டுப் போய் அளந்து வந்தாராம். கதை எவ்வளவு மெய்யோ, அந்த நகரத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஆதாம் கிராஃப்ட் என்ற சிற்பி செதுக்கி நிறுத்திய ஏழு கற்பலகைகள் மெய். பெரும்பாலானவற்றில் இயேசு சுமையில் தடுமாறும் காட்சி. ஏழு விழுகைகளைத் தியானிக்கும் அந்தப் பழைய வழக்கத்தின் எச்சம்தான் இன்று பதினான்கில் மூன்று முறை விழுவதாக நாம் சொல்லும் நிலைகள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நற்செய்தி நூல்கள் எதிலும் இயேசு விழுந்ததாக இல்லை. வழியில் தாயைச் சந்தித்ததாகவும் இல்லை, துணியால் அவர் முகத்தைத் துடைத்த வெரோணிக்காவும் இல்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துக் குரு ஆட்ரிகோமியுஸ் 1584இல் ஒரு நூல் வெளியிட்டார். இயேசு வாழ்ந்த காலத்து எருசலேமை வரைபடத்தோடு விவரித்த அந்த நூலில் பன்னிரண்டு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் இடையே இத்தனை அடி என்று கணக்கு. அவர் எருசலேமைக் கண்ணால் கண்டவரே அல்ல. ஆனால் அந்த நூல் பல மொழிகளில் போய், அதைப் படித்தவர்கள் இங்கே வந்து அந்த வரிசையைத் தேடினார்கள். தேடியவர்களுக்கு ஏற்ப எருசலேமும் மாறியது. பதினான்கு என்ற கணக்கை 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து உறுதிப்படுத்தினார். இந்தத் தெருவில் சில நிலைகளுக்கு இதுதான் இடம் என்று முடிவானது 19ஆம் நூற்றாண்டில்தான்.

நகல் முதலில் வந்தது. மூலம் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டது. இதில் ஏமாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பாட்டை நினைத்துத் தாய் வழியில் நின்றிருப்பாள் என்று உலகத்துத் தாய்மார் எல்லாரும் எண்ணியிருக்கிறார்கள். யாராவது ஒருத்தி முகத்தைத் துடைக்கத் துணி நீட்டியிருப்பாள் என்று நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குத் தெருவில் ஓரிடம் கிடைத்திருக்கிறது.

தெரு இறங்கி அல்-வாத் தெருவைச் சந்திக்கும் முக்கில் மூன்றாம் நிலை. அங்குள்ள சிற்றாலயத்தைச் சீரமைக்கக் கொடுத்தவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே வந்துசேர்ந்த போலந்துப் படைவீரர்கள். நாட்டை இழந்து, ஊர் ஊராக அலைந்து வந்த அவர்கள் முதல் விழுகையின் இடத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். அதை ஒட்டி நான்காம் நிலை, ஆர்மீனியக் கத்தோலிக்கருடைய வியாகுல மாதா கோயில். நிலவறையில் உள்ள பழைய பதிகல் தரையில் ஒரு சோடிச் செருப்பின் வடிவம் இருக்கிறது. மாதா நின்ற இடம் என்பது மரபு. எங்கள் குழுப் பெண்கள் அங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் நின்றார்கள்.

ஐந்தாம் நிலையில் பாதை வலப்பக்கம் திரும்பி மேடேறுகிறது. சிலுவை சுமக்க சீமோன் பிடிக்கப்பட்ட இடம் என்பதற்கு இந்த ஏற்றத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அவர் சிரேன் ஊர்க்காரர், இன்றைய லிபியாவின் கரையோர நாடு. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள் என்கிறார் மாற்கு. அலெக்சாந்தர், ரூபு என்று மகன்களின் பெயர்களையும் சொல்கிறார். பிரான்சிஸ்கன் சிற்றாலயத்தின் வாசலருகே சுவரில் ஒரு கல், உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கிறது. இயேசு கை ஊன்றியதாகச் சொல்வார்கள். தொட்டவர்களின் கை பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. உபதேசியார் கையை வைத்துவிட்டு எடுத்து, அடுத்தவருக்கு வழிவிட்டு, உதடு அசைய நடந்தார். ஜெபம் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறாம் நிலையைத் தாண்டிக் கான் எஸ்-ஸெயித் கடைத்தெருவில் போய் ஏறினால் எல்லாம் வேறு. ஏழாம் நிலை அந்தச் சந்தடியின் நட்ட நடுவில் இருக்கிறது. மசாலா மூட்டை, தோல் செருப்பு, ஆலிவ், பிளாஸ்டிக் பொம்மை, பக்கத்திலேயே ஜெபமாலை. தள்ளுவண்டிக்காரப் பையன் ‘வழி, வழி’ என்று அரபியில் கத்திக்கொண்டு ஜெபத்துக்கு நடுவே புகுந்து போகிறான். எங்களில் ஓர் அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. “சாமி, இம்புட்டு இரைச்சல்ல எப்படி மனசு நிக்கும்?” என்றார். சாமியார் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: “அன்னைக்கும் கடை திறந்துதாம்மா இருந்திருக்கும். பாஸ்கா நேரம். ஊரெல்லாம் வெளியூர்க் கூட்டம்.” உண்மைதான். கோயிலுக்குள் சுவரில் மாட்டிய படங்களுக்கு முன்னால் அமைதியாக நடந்து பழகிய நமக்கு, அந்த முதல் நடை யாருக்கும் நேரமில்லாத தெருவில் நடந்தது என்பது மறந்துபோகிறது. அடுத்தவன் துன்பம் எப்போதும் கடைத்தெரு வழியாகத்தான் போகிறது.

எட்டாம் நிலை என்பது ஒரு கிரேக்க மடத்தின் சுவரில் பதித்த கல் மட்டுமே. சிலுவையும், இயேசு கிறிஸ்து வெல்கிறார் என்று பொருள்படும் கிரேக்க எழுத்துகளும் அதில் இருக்கின்றன. அதற்கு மேல் வழி அடைப்பு. வந்த வழியே திரும்பி, கடைத்தெருவில் நடந்து, 28 படிகள் ஏறி ஒன்பதாம் நிலைக்குப் போக வேண்டும். அங்கே கோப்து சபையாரின் வாசல், ஒரு தூண். ஒரு கதவைத் தாண்டினால் கல்லறைக் கோயிலின் கூரை மேல் எத்தியோப்பியத் துறவிகள் சின்னஞ்சிறு மண் குடிசைகளில் வாழ்கிறார்கள். அந்தக் கூரை யாருக்குச் சொந்தம் என்று அவர்களுக்கும் கோப்து சபைக்கும் தீராத வழக்கு. உலகின் மிக முக்கியமான கோயில்களில் ஒன்றின் தலைமேல் அவ்வளவு வறிய இருப்பிடம். மூன்றாம் முறை விழுந்ததற்கு அந்த இடமே போதும். எந்தச் சுரூபமும் வேண்டியதில்லை.

கடைசி ஐந்து நிலைகளும் கல்லறைக் கோயிலுக்குள். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் கட்டி 335இல் அர்ச்சிக்கப்பட்டது, 1009இல் கலீஃபா அல்-ஹாக்கிம் இடித்தார், மறுபடி எழுந்தது, சிலுவைப்போர்க்காரர்கள் விரித்துக் கட்டியதை 1149இல் அர்ச்சித்தார்கள். ஆறு சபைகள் உள்ளே வழிபடுகின்றன. வாசல் சாவி தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் குடும்பத்தார் கையில். வெள்ளி மாலையில் அந்த நெரிசலோடு உள்ளே போனதில் எனக்குப் பாதி நினைவில் இல்லை. செங்குத்தான படியில் யாரோ என் முதுகைப் பற்றிக்கொண்டு ஏறினார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் விடியுமுன் நாங்கள் மட்டும் திரும்பப் போனோம். பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன, கடை திறப்பதற்குள். அதிகாலைத் தொழுகை முடித்துத் திரும்பும் முதியவர்கள் எதிரே வந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வாடகைக்குக் கிடைக்கும் மரச்சிலுவை ஒன்றை முறை வைத்துச் சுமந்தோம். சாமியார் பின்னால் நடந்தார். ஜெபத்தை உபதேசியார் நடத்தினார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வெறிச்சோடிய சந்தில், மூடிய பச்சைக் கதவுகளுக்கு நடுவே, பழைய மணிப்பிரவாளத் தமிழில் அந்த ஜெபம் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்தது. ஏழாம் நிலையில் மசாலா மூட்டைகள் இல்லை, தூசும் ஒரு பூனையும்தான் இருந்தன. முந்தின நாள் குறைபட்ட அந்த அம்மா இப்போது, “நேத்து இருந்த சனத்துக்கும் சேத்து வேண்டிக்கிருவோம்” என்றார்.

கோயிலுக்குள் குழுவாகச் சத்தமிட்டு ஜெபிக்க முடியாது என்பதால் பத்திலிருந்து பதினான்குவரை முற்றத்திலேயே சொல்லி முடித்து, பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனோம். கல்வாரி மேல் பத்தும் பதினொன்றும் லத்தீன் சபையின் பக்கம். பன்னிரண்டு கிரேக்கருடைய பீடம். பீடத்தடியில் வெள்ளி வட்டத்தின் நடுவே ஒரு துளை. குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்து, கையை விட்டால் பாறை தட்டுப்படுகிறது. சில்லென்றிருந்தது. பதினான்காம் நிலை கீழே கல்லறை மண்டபம். 1808இல் தீப்பிடித்த பிறகு 1810இல் கட்டி, 2017இல் புதுப்பித்து முடித்தது. தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தால் பளிங்குப் பலகை. சில நொடிகளில் வெளியே வரச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் பதினான்காம் நிலை முடிந்தால் உயிர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்போடு வீடு திரும்புவோம். இங்கே இரண்டுக்கும் ஒரே பலகை. அடக்கம் செய்த இடமும் உயிர்த்த இடமும் அதுவே.

வெளியே முற்றத்துப் படியில் உபதேசியார் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலைக்கு நிலை அடிக்கணக்கு. நேற்று எண்ணியதும் இன்று எண்ணியதும் பக்கத்தில் பக்கத்தில். நெரிசலில் எண்ணியது ஒத்துவரவில்லை என்று நேற்றையதை அடித்திருந்தார். ஆட்ரிகோமியுஸைப் பற்றி அவருக்குத் தெரியாது. சொன்னேன். சிரத்தையாகக் கேட்டுக்கொண்டார்.

அவர் ஊர்க் கோயிலில் நிலைகளுக்குப் படம் கிடையாது, எண் எழுதிய பதினான்கு மரச்சிலுவைகள்தான். திருச்சபை ஒழுங்குப்படி தேவையானதும் அவைதான். படம் பின்னால் சேர்ந்த அழகு. இப்போது ஊரார் வெளியே ஒரு சிலுவைப்பாதை போட ஆசைப்படுகிறார்கள். கோயில் வாசலில் தொடங்கி, கண்மாய்க்கரை வழியாகக் கல்லறைத் தோட்டம்வரை. பனஞ்சட்டத்தில் சிலுவை அறுக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

“இங்க அறுநூறு மீட்டருங்கிறாங்க. நமக்கு அவ்வளவு தூரம் இல்ல தம்பி. பாதிக்குக் கொஞ்சம் மேல வரும். அதனால எல்லாத்தையும் அதே கணக்குல குறைச்சிருக்கேன்.”

நோட்டில் கண்மாயைக் கோடு போட்டு வரைந்திருந்தார். ஐந்தாம் நிலை மட்டும் கணக்கைவிட்டுத் தள்ளி இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“அது வயக்காட்டுல இருந்து சனம் ஏறி வர்ற எடம். சீமோன் வயல்ல இருந்துதான வந்தாரு. அங்கதான வைக்கணும்?”

“ஏழாவது?”

“அதுலதான் ஒரு சங்கடம். சரியா டீக்கடை வாசல்ல விழுது. கடைக்காரரு நம்ம வேதக்காரரு இல்ல.”

“இங்கயும் கடை வாசல்லதான இருக்கு, ஐயா?”

“அதான் தள்ளி வைக்க மனசு வரல.” பென்சிலை எடுத்து ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கடைக்காரர் பெயரை எழுதி, கீழே ‘ஊர் போனதும் நேரில் கேட்க’ என்று குறித்துக்கொண்டார். “தரமாட்டேன்னு சொல்ற ஆளு இல்ல. பெரிய வெள்ளிக்கு நமக்குப் பானக்கம் கரைச்சுத் தர்றவரே அவருதான்.”